எத்தனை நாளில் இறுதி முடிவு? எச்.ஐ.வி. பரிசோதனை பற்றிய ஒரு மீளாய்வு

சென்னையின் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் பாதையில், குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே, ஒரு மருத்துவமனையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நிலையம் இருக்கிறது: தாம்பரம் சானடோரியம். அந்த சானடோரியத்தை 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கினார். 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1990களின் தொடக்கத்திலிருந்து எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களும் அங்கே வரத் தொடங்கினார்கள். மற்ற இடங்கள் படுக்கை தரத் தயங்கிய காலத்தில் அந்த வார்டுகள் அவர்களை ஏற்றன. 2004 ஏப்ரல் 1 அன்று இந்தியாவில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது அவற்றில் தாம்பரமும் ஒன்று.

சிகிச்சைக்கு முந்தைய படி பரிசோதனை. அதில் ஒரு கேள்வி நாற்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து கேட்கப்படுகிறது: இந்த முடிவை எப்போது இறுதியானதாக எடுத்துக்கொள்ளலாம்? இருபத்தெட்டு நாள் என்பவர் உண்டு. நாற்பத்தைந்து, மூன்று மாதம், ஆறு மாதம் என்பவர்களும் உண்டு. இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிலும் ஒரு குறிப்பிட்ட கருவிக்காக, ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட தேவைக்காகச் சொல்லப்பட்டது. பிறகு அந்தக் கருவியும் தேவையும் கழன்று விழுந்துவிட, எண் மட்டும் வாய்மொழியாகத் தங்கிவிட்டது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, எங்கே பலவீனப்படுகின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

ரத்த வங்கிக்காகப் பிறந்த சோதனை

அமெரிக்காவில் எச்.ஐ.வி.க்கான முதல் எலிசா சோதனைக்கு 1985 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. தானமாக வந்த ரத்தத்தில் எந்தப் பையை ஒதுக்குவது என்று முடிவு செய்வதே அதன் நோக்கம். சந்தேகம் உள்ள எதையும் தூக்கி எறியும்படி அது வடிவமைக்கப்பட்டது. தவறுதலாகச் சில நல்ல பைகள் வீணானாலும் பரவாயில்லை. தொற்றுள்ள ஒரு பைகூடத் தப்பிவிடக் கூடாது. ஒரு மனிதரிடம் ‘உங்களுக்குத் தொற்று இருக்கிறது’ என்று சொல்ல அதே சோதனையைப் பயன்படுத்தத் தொடங்கியபோது, பைக்குச் சரியாக இருந்த தர்க்கம் மனிதருக்குப் போதவில்லை.

இந்தியாவின் முதல் கண்டறிதலே இதற்குச் சான்று. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வசதி இல்லாத காலம். மாதிரிகள் அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தன. வேலூர் சி.எம்.சி.யில் எலிசா செய்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அந்த மஞ்சளை அவர்கள் இறுதிச் சொல்லாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மாதிரிகள் அமெரிக்காவுக்குப் போய், ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்ற வேறு வகைச் சோதனையில் உறுதியான பிறகே செய்தி வெளியே வந்தது. ஒரு சோதனை சந்தேகத்தை எழுப்பும், வேறு வகைச் சோதனை அதைத் தீர்க்கும் என்ற விதி தமிழ்நாட்டில் முதல் நாளிலேயே கடைப்பிடிக்கப்பட்டது.

உடலுக்குள் ஓடும் கடிகாரம்

வைரஸ் உடலில் நுழைந்த முதல் பத்து நாள் அளவுக்கு ரத்தத்தில் எந்தக் கருவிக்கும் எதுவும் தெரியாது. அடுத்து வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. ரத்தத்தில் தென்படும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, வைரஸின் உள்ளுறையைச் சேர்ந்த பி24 என்ற புரதம் (ஆன்டிஜன்) தெரியவரும். மூன்று வாரத்தை ஒட்டி, உடல் தானே உருவாக்கும் எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், அளவிடக்கூடிய நிலைக்கு வரும். அவற்றிலும் முதலில் வருவது ஐ.ஜி.எம். வகை, பின்னால் வந்து நெடுநாள் தங்குவது ஐ.ஜி.ஜி. வகை. 2003இல் ஃபீபிக் குழுவினர் இந்த வரிசையைப் படிநிலைகளாகப் பிரித்தார்கள். இன்றும் ஆய்வாளர்கள் அந்தப் படிநிலைகளின் பெயரிலேயே பேசுகிறார்கள்.

தொற்று ஏற்பட்ட நாளுக்கும் சோதனை அதைக் காட்டத் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்டதுதான் ‘சாளரக் காலம்’ அல்லது ஜன்னல் காலம். ஜன்னலின் அகலம் கருவியைப் பொறுத்தது. வைரஸை அப்படியே உடைத்துப் பயன்படுத்திய முதல் தலைமுறைக் கருவிகள் ஐ.ஜி.ஜி.யை மட்டும் பிடித்தன, தாமதம் அதிகம். மூன்றாம் தலைமுறை ஐ.ஜி.எம்.மையும் சேர்த்துப் பிடித்தது. நான்காம் தலைமுறை ஆன்டிபாடியோடு பி24 ஆன்டிஜனையும் ஒரே சோதனையில் தேடுகிறது. ஆர்.என்.ஏ.யைத் தேடும் ‘நாட்’ சோதனை இவை எல்லாவற்றுக்கும் முந்துகிறது.

ஆகவே ‘எத்தனை நாள்?’ என்று கேட்பவரிடம் ‘எந்த டெஸ்ட்?’ என்று திருப்பிக் கேட்காமல் சொல்லப்படும் எந்தப் பதிலும் அரைப் பதில்தான்.

ஆறு மாதம்: ஒரு பழைய எண்ணின் நீண்ட ஆயுள்

நம் ஊரில் மிக ஆழமாக வேரூன்றிய பதில் ஆறு மாதம். இதற்கு ஓர் ஆதாரம் உண்டு. 1989இல் லான்செட் இதழில் ஹார்ஸ்பர்க் குழுவினர் வெளியிட்ட கணக்கின்படி, தொற்று ஏற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு இரண்டு மாதத்தை ஒட்டி ஆன்டிபாடி தெரிந்துவிடும். 95 விழுக்காட்டினருக்குத் தெரிய 5.8 மாதம் ஆகும். அன்றைய கருவிகளுக்கு அது நியாயமான மதிப்பீடு. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடி தெரியாமலே வைரஸ் ஒளிந்திருக்கலாம் என்றது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அச்சத்துக்குக் கால் முளைத்துவிட்டால் திருத்தம் அதைத் துரத்திப் பிடிப்பது கடினம்.

எட்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1997இல் புஷ், சாட்டன் இருவரும் புதிய கருவிகளை வைத்துக் கணித்தபோது ஆன்டிபாடி ஜன்னல் சராசரியாக 22 நாளுக்குச் சுருங்கியிருந்தது. ஆறு மாதம் என்ற எண் மட்டும் சுருங்கவில்லை. அதற்கு ஒரு காரணம் மருத்துவப் பணியாளர்கள். ஊசி குத்திய செவிலியருக்கு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று மூன்று முறை பரிசோதனை செய்யும் வழக்கம் உலகெங்கும் பரவியது. இந்தியாவின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் (நாகோ) பணியிடக் காயங்களுக்கு இந்த அட்டவணையைப் பின்பற்றி வந்திருக்கிறது. இந்த எச்சரிக்கைக்கு நிஜமான அடிப்படை உண்டு. 1997இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு மருத்துவப் பணியாளரின் நிலை பதிவானது. ஒரே ஊசிக்குத்தில் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்து தொற்றி, எச்.ஐ.வி. ஆன்டிபாடி தெரிய எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. அபூர்வம்தான், ஆனால் நடந்தது.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அளவில் இருக்கிறது. அபூர்வத்திலும் அபூர்வமான ஒன்றை எல்லோருக்குமான விதியாக்கும்போது, தொற்றே இல்லாத ஆயிரக்கணக்கானோர் அரை ஆண்டைத் தூக்கமில்லாமல் கழிக்கிறார்கள். 2013இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையே, நான்காம் தலைமுறைச் சோதனை செய்யப்பட்டால் பணியாளர்களின் கண்காணிப்பை நான்கு மாதத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று தளர்த்தியது.

நாற்பத்தைந்தும் தொண்ணூறும்

இன்றைய விவாதம் இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நடக்கிறது. 2017இல் டிலேனி குழுவினர் பல்வேறு கருவிகளை ஒரே மாதிரிகளில் ஒப்பிட்டார்கள். ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜன்–ஆன்டிபாடி சோதனை, தொற்றுற்றவர்களில் பாதிப் பேருக்கு 18 நாளிலும் 99 விழுக்காட்டினருக்கு ஏறக்குறைய 44 நாளிலும் தொற்றைக் காட்டியது. 45 நாள் என்ற வரையறைக்கு இந்த 99 விழுக்காட்டுக் கோடு வலுவான அடித்தளமாக இருக்கிறது. பிரிட்டனில் முன்பு நான்கு வாரம் என்று சொல்லி வந்தார்கள். இப்போது அங்குள்ள வழிகாட்டுதல், நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 45 நாள் என்றும், விரல் நுனியில் குத்திச் செய்யும் துரிதச் சோதனைக்கு 90 நாள் என்றும் பிரித்துச் சொல்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வீச்சுகளும் இதற்கு அருகிலேயே உள்ளன: நாட் சோதனைக்கு 10 முதல் 33 நாள், ஆய்வக ஆன்டிஜன்–ஆன்டிபாடிக்கு 18 முதல் 45, ஆன்டிபாடி மட்டும் தேடும் சோதனைக்கு 23 முதல் 90.

விரல் ரத்தத்துக்கு ஏன் இருமடங்கு? துரிதச் சோதனை அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஓரளவு விளங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் தட்டு, நடுவில் வெள்ளைச் சவ்வு. அதன்மேல் சில சொட்டு. சில நிமிடங்களில் கட்டுப்பாட்டுப் புள்ளியோ கோடோ நிறம் காட்ட வேண்டும். அது வராவிட்டால் அட்டையே செல்லாது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று தோன்றினால் ‘ரியாக்டிவ்’. இதைப் படிப்பது மனிதக் கண். இயந்திரம் அளவாக எடுத்துச் சோதிக்கும் பிளாஸ்மாவோடு ஒப்பிட, இங்கே மாதிரி சிறியது, முழு ரத்தம், அதில் பி24 பிடிபடுவதும் கடினம். அட்டை மோசமானதல்ல. உரிய காலம் கழிந்த பிறகு அது மிகுந்த நம்பகமானது. ஆரம்ப நாட்களில் மட்டும் அது பின்தங்குகிறது.

45 நாள் கட்சிக்கும் பலவீனங்கள் உண்டு. அதன் தரவு பெரும்பாலும் அமெரிக்க பிளாஸ்மா கொடையாளர்களிடம் வரிசையாக எடுக்கப்பட்ட மாதிரிகளிலிருந்து வந்தது. அங்கே ஓங்கியிருப்பது வைரஸின் பி துணைவகை. இந்தியாவில் பெரும்பான்மை சி துணைவகை. இன்றைய கருவிகள் சி வகையையும் நன்றாகப் பிடிக்கின்றன என்பதால் இதைப் பெரிய ஓட்டை என்று சொல்ல முடியாது. தவிர, 99 விழுக்காடு என்பது நூறு அல்ல. ஆனால் அந்த ஒரு விழுக்காடு தொற்றுற்றவர்களுக்குள் கணக்கிடப்பட்டது. ஒரே ஒரு ஆபத்தான நிகழ்வுக்குப் பிறகு சோதனைக்கு வரும் ஒருவருக்குத் தொற்று இருக்கும் வாய்ப்பே குறைவு. அதில் இன்னும் நூறில் ஒரு பங்குதான் மிச்சம் நிற்கும் ஐயம். இந்தப் பெருக்கலை யாராவது நிதானமாக உட்கார்ந்து விளக்கினால் பலருடைய பயம் பாதியாகும்.

தென்சென்னைப் புறநகரில் இதன் நடைமுறைப் பொருள் என்ன? அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையங்களில் பெரும்பாலும் பயன்படுவது துரித ஆன்டிபாடிச் சோதனை. ஜி.எஸ்.டி. சாலையோரத் தனியார் ஆய்வகங்களில் இயந்திரத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனையும் கிடைக்கிறது. எந்த வகை என்று தெரியாத வரை, 90 நாளுக்குப் பிறகு எடுத்த ‘நான்-ரியாக்டிவ்’ முடிவை இறுதி என்று கொள்வதே பாதுகாப்பான வாசிப்பு. ஆய்வகத்தில் நான்காம் தலைமுறைச் சோதனை செய்யப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் 45 நாளே போதும். இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: இடையில் புதிய ஆபத்து எதுவும் நேர்ந்திருக்கக் கூடாது, தடுப்பு மருந்து எதுவும் எடுத்திருக்கக் கூடாது. ‘நான்-ரியாக்டிவ்’ என்ற சொல்லைப் பார்த்து ‘நெகட்டிவ் என்று ஏன் போடவில்லை’ எனக் கலங்குபவர்கள் உண்டு. ஆய்வக மொழியில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் சுட்டுகின்றன.

பாசிட்டிவ் எப்போது பாசிட்டிவ்?

நாள் கணக்கு நெகட்டிவ் முடிவின் பிரச்சினை. பாசிட்டிவ் முடிவின் பிரச்சினை எண்ணிக்கை.

இந்தியாவில் வயதுவந்தோரிடையே தொற்றின் பரவல் சுமார் 0.2 விழுக்காடு. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பேருக்கு ஒரே ஒரு சோதனை செய்வதாக வைத்துக்கொள்வோம். தொற்றுள்ளவர் 20 பேர். அவர்கள் எல்லோரையும் சோதனை பிடித்துவிடுகிறது. தொற்றில்லாத 9,980 பேரில் 99.5 விழுக்காட்டினரைச் சரியாக விடுவித்தாலும், சுமார் 50 பேருக்கு அது தவறாக ரியாக்டிவ் காட்டும். ஆக 70 ரியாக்டிவ் முடிவுகளில் 50 பொய். இவ்வளவு நல்ல சோதனை இவ்வளவு தவறுமா என்று தோன்றும். தொற்று அரிதாக உள்ள கூட்டத்தில் எந்தச் சோதனைக்கும் இந்தக் கதிதான்.

அதே கணக்கைக் காசநோய் வார்டு போன்ற இடத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே பரவல் 5 விழுக்காடு என்றால் 10,000 பேரில் 500 பேருக்குத் தொற்று. தவறான ரியாக்டிவ் 48 அளவில். இப்போது ரியாக்டிவ் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறது. அட்டை ஒன்றுதான், கண்ணும் ஒன்றுதான். அது உட்கார்ந்திருக்கும் இடம் முடிவின் எடையை மாற்றிவிடுகிறது. நாகோவின் பழைய விதிகள் இதைப் பிரதிபலித்தன: அறிகுறி உள்ளவருக்கு இரண்டு வெவ்வேறு சோதனைகள் ரியாக்டிவ் ஆனால் போதும், அறிகுறி இல்லாதவருக்கு மூன்று தேவை. தாம்பரத்தின் வார்டுக்கும் வேளச்சேரி கர்ப்பிணிக்கும் வெவ்வேறு அளவுகோல். 2019இல் உலக சுகாதார நிறுவனம், சிகிச்சையால் பரவல் குறைந்துவரும் நிலையில் எல்லோருக்கும் அடுத்தடுத்து மூன்று ரியாக்டிவ் முடிவுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒரு காலத்தில் கடைசித் தீர்ப்பாக இருந்த வெஸ்டர்ன் பிளாட்டை இந்த வேலையிலிருந்து விலக்கவும் சொன்னது. காரணம் நியாயமானது: விலை அதிகம், காலம் அதிகம், ஆரம்பத் தொற்றில் அது புதிய கருவிகளைவிடப் பின்தங்கி ‘தெளிவில்லை’ என்றே காட்டும்.

மூன்று சோதனை முறையின் உயிர், மூன்றும் வெவ்வேறு ஆன்டிஜனையோ வெவ்வேறு கொள்கையையோ அடிப்படையாகக் கொண்டிருப்பதில் இருக்கிறது. ஒரே அட்டையை மூன்று முறை செய்தால் ஒரே தவறு மூன்று முறை வரலாம். மூன்றும் ஒத்துப்போகாதபோது ‘உறுதியில்லை’ என்று எழுதி, சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுப்பதே முறை. அந்தச் சில வாரம் ஒருவருக்கு எவ்வளவு பாரம் என்பதை வழிகாட்டு நூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஆலோசகரின் வேலை அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கிறது.

குழந்தைக்கு வேறு கணக்கு

தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய் 18 மாதம் வரை தங்கக்கூடும். ஆகவே தொற்றில்லாத குழந்தைக்கும் ஆன்டிபாடிச் சோதனை ரியாக்டிவ் காட்டும். இதனால் குழந்தைகளுக்கு ஆறாவது வாரத்திலிருந்தே வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை செய்யப்படுகிறது. குதிகாலில் எடுத்த ரத்தத்தை வடிகட்டித் தாளில் உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தாய்ப்பால் தொடரும் வரை ஆபத்தும் தொடர்வதால் இறுதி முடிவு 18 மாதத்திலோ, பால் நிறுத்திய பின் செய்யும் சோதனையிலோ, எது பிந்தியதோ அதில்தான்.

முடிவு சரி, சங்கிலி அறுந்தது

இதுவரை பார்த்த நிலைப்பாடுகள் எல்லாம் உயிரியலைப் பற்றியவை. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் வேறொன்றைக் காட்டியது. சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தின் வழியே எச்.ஐ.வி. தொற்றியது. சிவகாசியில் ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தன் தொற்றை அறிந்ததும் தானே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. 2016இலேயே அவர் ரத்தம் கொடுத்தபோது தொற்று தெரிந்திருந்தும் அது அவருக்குச் சொல்லப்படவில்லை என்பது பின்னர் வெளியானது. அந்த 2018 டிசம்பரிலேயே அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதில் ஜன்னல் காலத்துக்குப் பங்கில்லை. எத்தனை நாளில் முடிவு இறுதியாகும் என்ற கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் இந்த இரு உயிர்களுக்கும் அது உதவியிருக்காது. சோதிக்கப்படாத, சரியாகப் படிக்கப்படாத, சொல்லப்படாத முடிவு இறுதி முடிவு ஆகாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் ஒப்புதல், ஆலோசனை, ரகசியம் மூன்றையும் கட்டாயமாக்குகிறது. ரத்ததானத்துக்கான பரிசோதனையில் ஒப்புதல் விதிக்கு விலக்கு உண்டு. கொடையாளருக்கு முடிவைத் தேடிப்போய்ச் சொல்லும் கடமை எவ்வளவு உறுதியாக நிறைவேறுகிறது என்பதில் ஆய்வுகள் காட்டும் அக்கறை, நாள் கணக்கில் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இது சரியல்ல.

ரத்த வங்கிகளுக்கு நாட் சோதனை என்ற கோரிக்கையும் இங்கே வருகிறது. அது ஜன்னலைப் பத்துப் பன்னிரண்டு நாளுக்குக் குறைக்கும். இந்தியாவில் அது கட்டாயமில்லை. செலவு முக்கியக் காரணம். ஆதரவாளர்களின் வாதம் வலுவானது. ஆனால் இருக்கும் எலிசாவையே ஒழுங்காகச் செய்யாத இடத்தில் நாட் மட்டும் என்ன செய்துவிடும் என்ற எதிர்வாதத்தையும் சாத்தூருக்குப் பிறகு ஒதுக்கிவிட முடியாது.

மருந்து கலைக்கும் கடிகாரம்

தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று கருதினால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுக்கலாம். அப்போது நாள் கணக்கைச் சம்பவத்திலிருந்து தொடங்காமல், மருந்தை முடித்த நாளிலிருந்து தொடங்குவதே எச்சரிக்கையானது. மருந்து வைரஸை அடக்கி, ஆன்டிபாடி உருவாவதைத் தள்ளிப்போடக்கூடும். ஏற்கெனவே தொற்று உறுதியாகிக் கூட்டு மருந்து எடுப்பவர்களிடம் நேர்மாறான சிக்கல். மிக ஆரம்பத்தில் சிகிச்சை தொடங்கிய சிலருக்கு ஆன்டிபாடி மங்கி, துரிதச் சோதனை நான்-ரியாக்டிவ் காட்டலாம். அது குணமானதன் அடையாளம் அல்ல. மருந்தை நிறுத்தினால் வைரஸ் திரும்பும். இதனாலேயே உறுதிப்படுத்தும் மறுசோதனையைச் சிகிச்சை தொடங்கும் முன் செய்ய வேண்டும் என்கிறார்கள். ‘நெகட்டிவ் ஆக்கிக் காட்டுகிறோம்’ என்று விற்கப்படும் எந்த மருந்தையும் இந்த ஒரு உண்மையை வைத்தே எடைபோடலாம்.

தீராதவை

மாதக்கணக்கில் உடலில் தங்கி எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் ஊசி மருந்துகள் வந்த பிறகு ஜன்னல் காலம் என்ற கருத்தே ஆட்டம் கண்டிருக்கிறது. கபோடெக்ரவிர் ஊசி போட்டுக்கொண்டவர்களில் மிகச் சிலருக்குத் தொற்று ஏற்பட்டபோது வைரஸ் அளவு மிகக் குறைவாகவே இருந்து, ஆன்டிபாடிச் சோதனைகள் பல மாதம் அதைக் காட்டாமலே இருந்தன. ஆறு மாத ஊசியான லெனகாபவிர் பரவலாகும்போது எந்தச் சோதனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. டிலேனி போட்ட 99 விழுக்காட்டுக் கோடு இந்த மருந்துகள் இல்லாத உடல்களுக்கானது.

மருந்து எதுவும் எடுக்காத பெரும்பான்மையினருக்கு 45, 90 என்ற இரு எண்களும் போதுமான பலத்தோடு நிற்கின்றன. ஆறு மாதத்தைப் பொது விதியாக வைத்திருக்க இன்று கிடைக்கும் சான்று போதாது. தீராமல் இருப்பது இதைவிடச் சிறிய, ஆனால் தினமும் எழும் ஒரு விஷயம். அறிக்கைத் தாளில் கருவியின் பெயர் இருக்கலாம். அது எந்தத் தலைமுறை, அதன் ஜன்னல் எத்தனை நாள் என்பதைக் கையில் வாங்குபவரால் அதிலிருந்து படித்துக்கொள்ள முடியாது. அந்த இரண்டு வரிகளைத் தமிழில் அச்சிடுவது யார் பொறுப்பு, ஆய்வகத்தினுடையதா, நாகோவினுடையதா என்பதற்கு இன்னும் தெளிவான பதில் இல்லை.